திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் உப்புக்குத் தப்புவது எப்படி?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வீடு நிலாவெளி, வேலை சீனக்குடா. ஓடுவது கைமாறி வந்த பஜாஜ் சிடி 100. முன்பு வைத்திருந்தவர் அழகுக்காகச் செயின் கவரைக் கழற்றி வீசிவிட்டார். புதிதாகப் போட்ட செயின் சில மாதங்களிலேயே சிவந்து கறகறக்கிறது. வண்டியின் அடிப்பகுதிக்கு டீசல் அடிக்கச் சொல்கிறார் ஒருவர், கூடவே கூடாது என்கிறார் இன்னொருவர். எந்த வேலையை வீட்டு முற்றத்தில் செய்யலாம், எதைக் கராஜில் விட வேண்டும்? இரவு வேலை முடிந்து வரும்போது வெளிச்சம் போதவில்லை, எல்இடி விளக்குப் போடலாமா?

வண்டியோடு வரும் கைநூல் எல்லாவற்றையும் கிலோமீற்றரில் சொல்லும். இத்தனையில் ஒயில், இத்தனையில் பிளக், இத்தனையில் பிரேக். கடலுக்கு எட்டத்தில் உள்ள குருநாகலில் ஓடும் வண்டிக்கு அந்தக் கணக்குப் போதும். நமக்குப் போதாது. இங்கே வண்டியைத் தின்பது ஓட்டத்தைவிட உப்புத்தான். ஓடாமல் முற்றத்தில் நின்றாலும் அது தின்றுகொண்டுதான் இருக்கும். அதனால் கிலோமீற்றர்க் கணக்கோடு காற்றின் கணக்கையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றின் கணக்கு நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை கச்சான் மேற்கிலிருந்து, அதாவது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அது கொண்டுவருவது வெப்பமும் புழுதியும். அந்த மாதங்களில் உங்கள் கண் எயார் ஃபில்டரிலும் டயர் காற்றிலும் இருக்க வேண்டும். ஐப்பசிக்குப் பிறகு காற்றுத் திரும்புகிறது. கார்த்திகை, மார்கழி, தையில் வாடை நேரே கடலிலிருந்து வரும். மழையும் அதோடு வரும். நிலாவெளி வீதியில் சாம்பல்தீவு தாண்டிப் போகும்போது தலைக்கவசக் கண்ணாடியில் ஒட்டும் பிசுபிசுப்பை நீங்களே தினமும் துடைக்கிறீர்கள். அதே பிசுபிசுப்பு செயினிலும், ஸ்போக் கம்பிகளிலும், மின் இணைப்புகளிலும் படிகிறது. அவற்றைத் துடைக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

உப்பின் குணம் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டிவிடும். ஆகவே மழையே பெய்யாத மாதத்திலும், நீங்கள் உறங்கும் நேரத்தில் வண்டியின் இரும்பு உப்புநீரில் நனைந்துகொண்டிருக்கிறது. இதற்கு ஒரே மருந்து உப்பை அங்கே இருக்கவிடாமல் எடுப்பது. கழுவாமல் அதன் மேலேயே எதைப் பூசினாலும் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் முடியும்.

கழுவுகிற நீர் நல்ல நீராக இருக்க வேண்டும். கடலுக்கு அருகில் உள்ள பல கிணறுகள் வெயில் காலத்தில் உவர்த்துவிடும். வாயில் வைத்துப் பாருங்கள். குடிக்க முடியாத நீர் வண்டிக்கும் வேண்டாம். வாடைக் காலத்தில் வாரம் ஒரு முறை, மற்ற மாதங்களில் இரு வாரத்துக்கு ஒரு முறை போதும். எஞ்சின் ஆறிய பிறகு ஒரு வாளி நீர், கொஞ்சம் ஷம்பு, பழைய பெயின்ற் தூரிகை ஒன்று. உயர் அழுத்தக் குழாயால் அடிப்பதை நான் விரும்புவதில்லை. அந்த வேகத்தில் நீர் சில்லுப் பெயரிங்குக்குள்ளும், ஹாண்டில் கழுத்துப் பெயரிங்குக்குள்ளும் ஏறி உள்ளே உள்ள கிரீஸைக் குழப்பிவிடும். வண்டி பளபளவென்று வீடு வரும். பெயரிங் சில மாதங்களில் இரையத் தொடங்கும். கழுவவேண்டிய இடங்கள் டாங்கியும் சீற்றும் அல்ல. மட்காட்டின் உட்புறம், பின் ஸ்விங் ஆர்மின் அடிப்பக்கம், சைலன்சரின் கீழ்ப்பக்கம், ஸ்போக் கம்பி ரிம்மில் நுழையும் இடம், ஸ்டாண்டின் பிணைச்சல் ஆகியவை. உப்பும் மணலும் கலந்து சேறாகி உட்காருவது அங்கேதான்.

கழுவியதும் அப்படியே மூடி வைக்காதீர்கள். எஞ்சினை இயக்கி ஐந்து பத்து நிமிடம் ஓடிவிட்டு வாருங்கள். போகிற வழியில் இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடித்துப் பிடித்து உலர்த்துங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கிக் கட்டுவது கடலோரத்தில் கெடுதல். ஈரம் உள்ளேயே நின்று துருவை வளர்க்கும். மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள இடமே போதும்.

இனி டீசல் விவகாரம். எண்ணெயைப் பூசிக்கொண்டு மண்ணில் புரண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும் என்பார்கள். நிலாவெளி மணலுக்கு அந்தப் பழமொழி பொருந்தாது. டீசல் அடித்த வண்டியில் எல்லா மணலும் ஒட்டும். டீசல் ஒரு மெல்லிய படலத்தைத் தரும், சில நாட்களில் அது போய்விடும். அதற்குள் அது பிணைச்சல்களில் இருக்கும் கிரீஸைக் கரைக்கும், றப்பர் புஷ்களை ஊதவைக்கும். எல்லாவற்றையும்விட, பிரேக் டிரம்முக்குள் நாலு துளி போனால் அந்தப் பிரேக் உங்களைக் கைவிடும். பழைய எஞ்சின் ஒயிலைப் பூசுவது அதைவிட மோசம். பாவித்த ஒயிலில் அமிலமும் கரியும் உண்டு. போதாததற்கு நம் பக்கத்து மணல் நிலத்தில் சிந்துவது அப்படியே கிணற்றுக்கு இறங்கும். கழுவி உலர்ந்த பிறகு, துருவரும் இடங்களுக்கு மட்டும் துணியால் மெல்லிய கிரீஸ் பூச்சுப் போடுங்கள்: சைலன்சர்ப் பிடிப்பு ஆணிகள், ஸ்டாண்ட் பிணைச்சல், ஸ்போக் முனைகள், ஃபுட்ரெஸ்ட் அடி. பெயின்ற் உரிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, துருத் தடுப்புப் பெயின்ற் தொட்டுவிடுங்கள். டபிள்யூடி 40 போன்ற தெளிப்பான்கள் ஈரத்தை வெளியேற்றவும் இறுகிய ஆணியை இளக்கவும் நல்லவை. மசகாக நினைத்து அவற்றை நம்பியிருக்க வேண்டாம், விரைவில் ஆவியாகிவிடும்.

இங்கே யாரும் சொல்லித்தராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அலுமினியத்துக்குள் இரும்பு ஆணி இருக்கும் இடமெல்லாம் உப்புநீர் பட்டால் இரண்டும் பிடித்துக்கொள்ளும். பிறகு கழற்றும்போது ஆணி முறியும், அல்லது புரி கழன்று வரும். பின்சில்லின் அச்சுக்கம்பி உள்ளே இறுகிவிட்டால் ஒரு சாதாரண பஞ்சர் வேலை அரைநாள் சுத்தியல் வேலையாகிவிடும். சில்லை எப்போது கழற்றினாலும் அச்சுக்கம்பிக்கு முழு நீளத்துக்கும் கிரீஸ் பூசி ஏற்றச் சொல்லுங்கள். கடைக்காரர் மறப்பார், பக்கத்தில் நின்று கேளுங்கள்.

செயினுக்கு வருவோம். முதல் வேலை, கழற்றி எறிந்த அந்தக் கவரை வாங்கித் திரும்பப் போடுங்கள். சிடி 100 போன்ற வண்டிகளுக்குச் செயினை முழுமையாக மூடும் கவர் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. மணல், சேறு, உப்புத் தூவானம் மூன்றையும் தடுத்து, போட்ட ஒயிலைச் செயினிலேயே வைத்திருப்பது அது. திறந்த செயின் பார்க்கப் பந்தய வண்டி போல இருக்கலாம், ஆனால் அந்தச் செயின்கள் வேறு வகை. பெரிய வண்டிகளில் இணைப்புகளுக்குள் கிரீஸை அடைத்து றப்பர் வளையம் போட்டிருப்பார்கள். உங்கள் செயினில் அது இல்லை. உள்ளே உள்ள பின்னுக்கும் புஷ்ஷுக்கும் இடையே ஒயில் வற்றினால் இரும்போடு இரும்பு உரசும்.

கவர் வரும்வரைக்கும் வந்த பிறகும் செய்யவேண்டியது இதுதான். எஞ்சினை நிறுத்துங்கள். நியூட்ரலில் நடு ஸ்டாண்டில் ஏற்றுங்கள். பின்சில்லைக் கையால் சுற்றுங்கள். கியரில் போட்டு எஞ்சினை ஓடவிட்டுச் செயின் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அப்படி விரலைப் பறிகொடுத்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. துணியிலும் தூரிகையிலும் மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கை எடுத்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். பிறகு 90 ஆம் நம்பர் கியர் ஒயிலை, கீழே ஓடும் செயினின் உட்பக்கத்தில் ஒவ்வொரு இணைப்புக்கும் துளியாக விடுங்கள். சில்லுச் சுற்றும்போது அது உள்ளிருந்து வெளியே பரவும். இதை இரவு வீட்டுக்கு வந்ததும், செயின் சூடாக இருக்கும்போது செய்தால் விடியும்வரை ஊறும். காலையில் வெளியே வழிவதைத் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள். கிரீஸை அள்ளிச் செயின் மேல் அப்பாதீர்கள். அது வெளியே நின்று மணலைப் பிடிக்கும், உள்ளே போகாது.

உங்கள் ஓட்டம் நாளுக்கு நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் வரும். வெயில் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒரு முறை, வாடைக் காலத்தில் கிழமைக்கு ஒரு முறை ஒயில் விடுங்கள். பெருமழையில் நனைந்து வந்தால் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே விடுங்கள். தொய்வை, கீழ்ச்செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். 20 முதல் 30 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்க வேண்டும். சில்லை நகர்த்தி நாலு இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தொங்கினால் செயின் சமமில்லாமல் நீண்டுவிட்டது, மாற்றும் காலம் வந்துவிட்டது. சத்தம் வருகிறதே என்று அளவுக்கு மீறி இறுக்குபவர்கள் அதிகம். இறுகிய செயின் கியர்பொக்ஸ் பெயரிங்கைத் தின்னும், அது செயினைவிட எவ்வளவோ செலவு. இறுக்கும்போது இரு பக்க அடையாளக் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். சில்லை நகர்த்தியதும் பின் பிரேக் கம்பியின் அளவு மாறிவிடும், அதையும் சரிசெய்யாமல் வீதிக்கு ஏறாதீர்கள். பூட்டுக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாற்றுவதானால் செயினையும் இரு பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்து கொக்கிபோல் வளைந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் விரைவில் கெடும். உங்கள் செயின் சில மாதத்தில் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பின் பல்லைப் பாருங்கள்.

இடையே ஒன்று. மீன் வியாபாரிகளின் வண்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? சீற்றுக்குப் பின்னால் ரெஜிபோம் பெட்டி, அதிலிருந்து வழியும் பனிக்கட்டி நீர். எந்த எஞ்சின் எவ்வளவு காலம் தாங்கும் என்று அறிய விரும்பினால் அவர்களைத்தான் கேட்க வேண்டும். ஸ்விங் ஆர்ம் ஓட்டையாகி, மட்காட் உதிர்ந்து, ரிம் வெடித்த வண்டியிலும் எஞ்சின் மட்டும் குதித்தெழுந்து நிற்கும். வண்டி சாவது எஞ்சினால் அல்ல, அதைத் தாங்கும் இரும்புச் சட்டகத்தால். நீங்கள் வாரக் கடைசியில் வீட்டுக்கு மீனோ கருவாடோ கட்டிக்கொண்டு வருவதானால், வடியாத பையில் கட்டுங்கள். இல்லாவிட்டால் வந்ததும் ஒரு வாளி நல்ல நீர் ஊற்றிவிடுங்கள்.

எஞ்சின் ஒயிலில் இரண்டு செய்தி போதும். முதலாவது, கியருள்ள மோட்டார் சைக்கிளில் கிளச் தட்டுகள் அந்த ஒயிலிலேயே ஊறியிருக்கின்றன. போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். காருக்கான சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் கலவை இருப்பதால் கிளச் வழுக்கும். எஞ்சின் இரையும், வண்டி நகராது. தடிப்பு எண்ணைக் கைநூல் சொன்னபடி போடுங்கள். இரண்டாவது, உங்கள் ஓட்டத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. நிறுவனங்கள் இன்னும் நீண்ட இடைவெளி சொல்லலாம், ஆனால் கைமாறி வந்த, வயதான எஞ்சின் ஒயிலைக் குடிக்கும். மாற்றுவதைவிட முக்கியம், கிழமைக்கு ஒரு முறை அளவுகோலைப் பார்ப்பது. வண்டியை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள், பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது பார்த்தால் அளவு பொய் சொல்லும். வடித்த ஒயிலைப் போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுத்துவிடுங்கள்.

பிரேக்கில் நான் கண்டிப்பானவன். நீங்கள் ஓட்டுவது இரு பக்கமும் டிரம் பிரேக் உள்ள வண்டி. கடலோரத்தில் பிரேக் ஷூ தேய்வதற்கு முன்னரே அதை விரிக்கும் கேம் துருவேறி இறுகும். அடையாளம் என்ன தெரியுமா? பிரேக்கை விட்ட பிறகும் சில்லு சுதந்திரமாகச் சுற்றாது, லீவர் சோம்பலாகத் திரும்பும், டிரம் சுடும். ஆண்டுக்கு ஒரு முறை, மாரி தொடங்குமுன், சில்லைக் கழற்றிக் கேமுக்கு மிகக் குறைவாக, வெப்பம் தாங்கும் கிரீஸ் வைக்க வேண்டும். ஷூவில் கிரீஸ் பட்டால் அந்த ஷூ குப்பைக்குத்தான். உள்ளே உள்ள தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும், ஈரத் துணியால் துடையுங்கள். முன் பிரேக் கேபிளும் கிளச் கேபிளும் உள்ளே துருப்பிடித்து இறுகும். மேல் முனையைக் கழற்றி, ஒரு சிறு பொலித்தீன் பையைக் கூம்பாகக் கட்டி, அதில் மெல்லிய ஒயில் ஊற்றி ஓர் இரவு விட்டால் கீழ்முனைவரை இறங்கும். நூல் ஒன்று அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றுங்கள், மற்ற நூல்கள் வரிசையில் நிற்கின்றன.

இந்த வேலைகளுக்கு 8, 10, 12, 14, 17 எண் ஸ்பனர்கள், ஒரு பிளக் சாவி, இரு வகை திருப்புளி, ஒரு குறடு, ஒரு காற்றழுத்த மானி போதும். பளபளக்கும் பெரிய கருவிப் பெட்டி இப்போதைக்கு வேண்டாம். நல்ல ஸ்பனர் ஐந்து, மலிவான ஐம்பதைவிட மேல். மலிவானது ஆணியின் முனையை உருட்டிவிடும்.

எயார் ஃபில்டர் கச்சான் காலத்து வேலை. உங்கள் வண்டியில் இருப்பது பஞ்சு வகையா கடதாசி வகையா என்று திறந்து பாருங்கள். பஞ்சு என்றால் மண்ணெண்ணெயில் அலசி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, உலர்த்தி, ஒயில் தொட்டுப் பிழிந்து போடலாம். கடதாசி வகையைக் கழுவாதீர்கள், மாற்றுங்கள். ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் இழுவை கூடும் என்று சொல்பவரிடம், புழுதிபறக்கும் வீதியில் எஞ்சின் எதைச் சுவாசிக்கும் என்று கேளுங்கள்.

மாரியில் வரும் நோய் வேறு. வண்டி திணறும், நின்றுபோகும், கிக்கரை உதைத்துக் கால் வலிக்கும். பெரும்பாலும் பெற்றோலில் நீர். டாங்கி மூடியின் றப்பர் வெடித்திருந்தால் மழைநீர் அந்த வழியாக இறங்கும். பாதி காலியான டாங்கிக்குள் இரவுக் குளிரில் ஈரமும் படியும். காபரேட்டரின் அடியில் உள்ள சிறு வடிகால் திருகாணியைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். நீர் அடியில் தனியாக நிற்பது கண்ணுக்குத் தெரியும், துருத்தூளும் தெரியும். 2020 இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு நம் நாட்டில் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. 2022 எரிபொருள் நெருக்கடியில், கியூஆர் குறியீட்டுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் என்று கிடைத்த காலத்தில், பல வண்டிகள் வெறும் டாங்கியோடு மாதக்கணக்கில் நின்றன. அந்த டாங்கிகளின் உட்சுவர் இன்றைக்கும் துருவுதிர்க்கிறது. உங்களுடையதும் அதில் ஒன்றாக இருக்கலாம். டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். மாரியில் டாங்கியை நிரப்பியே வைத்திருங்கள்.

இன்றைக்கும் சிலர் மண்ணெண்ணெய் கலந்தால் மலிவு என்கிறார்கள். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் வேறு வழியே இல்லாமல் அதைச் செய்தார்கள். துளிப் பெற்றோல் ஊட்டி இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தக் கைவண்ணத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எஞ்சினுக்குள் தட்டும் சத்தம் வரும், கரி கட்டும், எரியாத மீதி சிலிண்டர்ச் சுவர்வழியே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். பெற்றோல் கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்ய ஒரு காரணமும் இல்லை.

சைலன்சர் பற்றிப் பலர் அறியாதது: ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளியே போகிறது. எஞ்சின் நன்றாகச் சூடாகுமுன் நிறுத்தினால் அது சைலன்சருக்குள்ளேயே குளிர்ந்து தங்கி, உள்ளிருந்து துருவாக்கும். உங்கள் நீண்ட ஓட்டம் இதற்கு நல்லது. சந்திக் கடைக்குப் பாண் வாங்கப் போகும்போது மட்டும் துவிச்சக்கரவண்டியை எடுங்கள்.

வெள்ளம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் உறவினர் மூதூரில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மகாவலி பெருகினால் மூதூர், வெருகல், கிண்ணியாப் பக்கம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நீர் மூழ்கிய வண்டியைக் கண்டதும் எல்லோரும் செய்வது கிக்கரை உதைப்பது. உதைக்கவே வேண்டாம். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் அது அமுங்காது, இணைப்புக்கோல் வளையும். பற்றரி வயரைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கி நீரை வெளியேற்றுங்கள். பிளக் துளைவழியே கொஞ்சம் ஒயில் விடுங்கள். எஞ்சின் ஒயிலை வடித்துப் பாருங்கள், பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. மலிவான ஒயில் ஊற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு வடித்து, தெளியும்வரை மாற்றுங்கள். காபரேட்டர், டாங்கி, எயார் ஃபில்டர், இரு டிரம்கள், எல்லாம் திறக்க வேண்டும். வந்தது கடல்நீர் என்றால் நாளைக்கு என்று வைக்காதீர்கள். முதலில் நல்ல நீரால் முழுக்க அலசுங்கள், திறக்கும் வேலையை அன்றைக்கே தொடங்குங்கள்.

டயரில் காற்றை மாதம் இரு முறை, ஓடுமுன் குளிர்ந்திருக்கும்போது அளவுங்கள். 100 சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் தனியே என்றால் 28, ஆள் ஏறினால் 32 என்ற அளவு ஒத்துவரும். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2321 என்றால் 2021 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. பூ, அதாவது டயரின் மேல் உள்ள வரிப்பள்ளம், தேயாமல் இருந்தாலும், றப்பர் கீறல்விட்ட பழைய டயரோடு மழையில் ஓடாதீர்கள். 2009 இல் திறந்த, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் வாடைக் காலத்தில் போகிறவர்கள் பக்கக் காற்றுக்கு ஆயத்தமாக இருங்கள். சிறிய வண்டியை அது ஒரு பக்கமாகத் தள்ளும். இறுகப் பிடித்து மல்லுக்கட்டாமல் வேகத்தைக் குறையுங்கள்.

கராஜுக்கு விடவேண்டியவை: வால்வு இடைவெளி சரிபார்ப்பது (அளவுத்தகடும் பழகிய கையும் வேண்டும், எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும்), கிளச் தட்டு, ஸ்போக் இழுத்து ரிம்மை நேராக்குவது, ஹாண்டில் கழுத்துப் பெயரிங், பிஸ்டன் வளையம். ஹாண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கழுத்துப் பெயரிங் போய்விட்டது. மெக்கானிக்கிடம் ‘சேர்விஸ் பண்ணுங்கள்’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், சூடாகவா குளிராகவா, எந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வருகிறது என்று சொல்லுங்கள். பாதி நோயை அதுவே கண்டுபிடித்துவிடும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் அதற்குக் கோபிக்க மாட்டார். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முந்தின நாள் காபரேட்டரைத் திருகித் திருகிச் சரிக்கட்டுவதைவிட, ஃபில்டரும் பிளக்கும் ஒயிலும் ஒழுங்காக இருந்தால் வண்டி தானாகவே தேறும்.

கடைசியாக அந்த எல்இடி. வாங்குமுன், பகலில் முன்விளக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் வெள்ளித் தட்டைப் பாருங்கள். கடற்காற்றில் அது மங்கியிருந்தால் எந்த பல்ப் போட்டும் பயனில்லை, முழு விளக்கையே மாற்ற வேண்டும். விளக்குக்குப் போகும் இணைப்புகளையும், சட்டகத்தோடு சேரும் எர்த் வயரின் ஆணியையும் கழற்றி உப்புத்தாளால் சுரண்டி, வாசலின் பூசி இறுக்குங்கள். பச்சை படிந்த இணைப்பு வெளிச்சத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் முன்விளக்குக்கு மின்சாரம் பற்றரியிலிருந்து வருவதில்லை, எஞ்சினின் சுருளிலிருந்து நேரே வருகிறது. அதனால்தான் மெதுவாக ஓடும்போது மங்குகிறது. அத்தகைய வண்டியில் கடையில் கிடைக்கும் எல்இடியை அப்படியே செருகினால் அது மின்னி மின்னிச் சாகும். பழைய இழை பல்புக்காக வடிவமைத்த தட்டில் எல்இடி ஒளி சிதறும். வீதி உங்களுக்குத் தெரியாது, எதிரே வருபவருக்குக் கண் தெரியாது. முதலில் தட்டையும் இணைப்பையும் சரிசெய்து, பின்னால் ஆள் ஏற்றிய நிலையில் சுவருக்கு எதிரே நிறுத்தி ஒளியைக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள். நகருக்குள் மான் குறுக்கே வரும், சாம்பல்தீவுக்கு அப்பால் மாடு படுத்திருக்கும், கந்தளாய்ப் பக்கம் போனால் யானை. இவற்றுக்காக நீங்கள் கேட்ட கூடுதல் வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் அந்த வாசலினும் உப்புத்தாளுமே தந்துவிடும். அதன் பிறகும் போதாவிட்டால், வண்டியின் மின்சுருள் எவ்வளவு தாங்கும் என்பதை ஒரு மின்வேலை தெரிந்தவரிடம் அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள், அடுத்ததைப் பேசுவோம்.